பதிவுத் தபாலில் போன பாட்டு நோட்டு

பிப்ரவரி 3, 2007. சனி

லேசி வந்தது 10:05. போனது 4:20. சாப்பிட்டது ஐந்து தோசை.

இன்றிலிருந்து எழுதி வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். வார்டில் எதையும் நேரத்தோடு குறிப்பதுதான் வழக்கம். வீட்டிலும் அப்படிக் குறித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

என் மகள் பெனிட்டாவுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியை ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறாள். பாடகி ஆக வேண்டுமாம். செருப்புக் கடையில் வேலை, மீதி நேரமெல்லாம் கிடார். நாகர்கோவிலிலிருந்து அமெரிக்காவின் இந்த நாஷ்வில்லுக்கு வரும்போது அவளுக்கு நான்கு வயது. கிடார் சொல்லிக்கொடுத்தது அவள் அப்பா சாலமோன். அவருக்கு ஹூஸ்டனில் வேலை. ஆறு வருடமாக அங்கேதான்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாட்டு எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று பேராகக் காலையில் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சாயங்காலம் ஒரு பாட்டோடு வெளியே வருகிறார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்ற பேச்சே கிடையாது. அறையில் இருந்தவர் எல்லாருக்கும் பாட்டில் சம உரிமை. ஒருத்தி முழுப்பாட்டையும் எழுதி, இன்னொருத்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இரண்டு பெயரும் போடுவார்களாம். காபி போட்டுக் கொடுத்தவளுக்கும் பெயர் உண்டா என்று கேட்டேன். பெனிட்டா சிரிக்கவில்லை.

பெனிட்டாவோடு பாட்டு எழுதும் லேசி அலபாமா மாநிலத்திலிருந்து ஒரு ஓட்டைக் காரில் வந்தவள். என்னை மிஸ் லில்லி என்று கூப்பிடுகிறாள். தோசையைப் புகழ்ந்து தள்ளுகிறாள். இந்த அளவுக்குப் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பிப்ரவரி 10. சனி

துணி மடிக்கிற மேஜையைப் பெனிட்டாவின் அறைக்கு வெளியே நகர்த்திப் போட்டேன். அங்கே ஜன்னல் கிடையாது. ஆனாலும் விளக்கு இருக்கிறது.

10:40 மெட்டு, பெனிட்டா. 10:52 இரண்டு சொல், லேசி. 11:15 முதல் நான்கு வரி, பெனிட்டா. 11:30 முதல் 12:10 வரை இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை.

பாட்டு ஒரு கதவைப் பற்றியது. ஒரு பெண் உள்ளே உட்கார்ந்து பாடுகிறாள். கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சத்தில் இரண்டு கறுப்பு நிழல். யாரோ வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரென்று பாட்டில் சொல்லவில்லை. லேசியின் அம்மாவாக இருக்கும். அந்த மாதிரிக் குடும்பம் என்று முகத்திலேயே தெரிகிறது.

பிப்ரவரி 11. ஞாயிறு

சர்ச். பிரசங்கம் நீளம். வரும் வழியில் மீன் வாங்கலாம் என்றால் நல்ல மீன் இல்லை.

பிப்ரவரி 24. சனி

பத்தாம் தேதியிலிருந்து மூன்று சனிக்கிழமையும் குறித்ததைக் கூட்டிப் பார்த்தேன். பெனிட்டா சொன்னது முப்பத்தொரு வரி. லேசி சொன்னது ஒன்பது. இதற்குச் சம உரிமையாம்.

அந்த ஒன்பதில் ஒன்று இன்றைக்குச் சொன்னது. கதவுப் பாட்டின் கடைசியில் வருகிறது. தமிழில் சொன்னால், "தட்டிவிட்டு வா, உள்ளே இடமிருக்கிறது." அவ்வளவுதான். டாக்டர் அறை வாசலில் ஒட்டுகிற வாசகம் மாதிரி இருக்கிறது. இதைச் சொல்வதற்கு அலபாமாவிலிருந்து ஒரு ஆள் வர வேண்டுமா? பெனிட்டா மட்டும் "ஓ" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது. சாயங்காலம் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 9. வெள்ளி

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு உணவகத்தில் புதுப் பாடகர்கள் பாடும் நிகழ்ச்சி. நானும் போயிருந்தேன். பெனிட்டா கதவுப் பாட்டைப் பாடினாள், லேசி கூடப் பாடினாள். முள்கரண்டிச் சத்தமெல்லாம் நின்றுபோனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகள் பாடுவது நன்றாகத்தான் இருக்கிறது, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

முடிந்ததும் மிஸஸ் கார்வர் என்று ஒரு அம்மாள் வந்தாள். பாட்டுப் பதிப்புக் கம்பெனிக்காரி. அவள் கை காட்டுகிற பிள்ளைகளைத்தான் பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் எடுத்துக்கொள்ளுமாம். ஏப்ரல் 20 அன்று அலுவலகத்துக்கு வந்து பாடச் சொன்னாள். இரண்டு பேரையுமா என்று நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இரண்டு பேரையும்தான் என்றாள்.

மார்ச் 10. சனி

தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் அறைக்குள் போனேன். லேசி பெனிட்டாவின் நோட்டைப் பார்த்து ஒரு தாளில் வரிகளை எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, வீட்டில் பாடிப் பழக என்றாள். பதில் மிகவும் சீக்கிரமாக வந்தது.

மார்ச் 14. புதன்

எங்கள் வார்டு சூசம்மா கோட்டயத்துக்காரி. அவள் தங்கை புருஷன் டல்லாஸில் இருந்துகொண்டு கிறிஸ்தவ பக்திப் பாட்டு கேசட் போடுகிறவன். ஒரு தடவை அவன் மெட்டை ஒரு பாஸ்டர் சுட்டுவிட்டாராம். அதிலிருந்து அவன் ஒரு பாட்டை எழுதி முடித்தவுடன் கவரில் போட்டு ஒட்டித் தன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொள்கிறானாம். கவர் மேலே தபால் முத்திரையும் தேதியும் இருக்கும். கோர்ட்டுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று சூசம்மா சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை, கவரைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாட்சி செத்தது.

மார்ச் 19. திங்கள்

எனக்கு இன்று விடுமுறை. பெனிட்டா கடைக்குப் போயிருந்தாள்.

9:30க்கு லேசி வந்து, இரவல் வாங்கிய கிடார் வயரைப் பெனிட்டாவின் அறையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நிமிடம் கூட இருக்கவில்லை.

10:15க்கு நான் பெனிட்டாவின் பாட்டு நோட்டை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸ் போனேன். ஜெராக்ஸ் எடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். ஜெராக்ஸை யாரும் மதிக்க மாட்டார்கள், பெனிட்டாவின் கையெழுத்துத்தான் பேசும். கவரின் ஒவ்வொரு ஒட்டின் மேலும் கவுண்டர்காரர் பழுப்புத் தாள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார். பார்க்கவே தெம்பாக இருந்தது. அனுப்புநர் லில்லி புஷ்பம், பெறுநர் லில்லி புஷ்பம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பெனிட்டாவிடம் சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவள் வந்தது 5:40. நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். 5:52க்கு அறையிலிருந்து வந்தாள்.

"அம்மா, என் நோட்டைக் காணல. லேசி இன்னைக்கு வந்தாளா?"

"காலைல வந்தா மக்களே. வயர் வைக்க உள்ள போனா."

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். கிரைண்டர் சத்தம் வேறு. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. லேசி வந்தாள். உள்ளே போனாள். 9:30.

மார்ச் 20. செவ்வாய்

போனில் பெனிட்டாவும் லேசியும் பதினெட்டு நிமிடம். பெனிட்டா கத்தினாள். அதற்கு முன் அவள் யாரிடமும் கத்தி நான் கேட்டதில்லை. லேசி தாளில் எழுதிக்கொண்டிருந்ததை நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான்தான் ஞாபகப்படுத்தினேன். பார்த்ததைத்தான் சொன்னேன்.

மார்ச் 24. சனி

லேசி வரவில்லை. பழக்கத்தில் மூன்று பேருக்கு மாவு கரைத்துவிட்டேன்.

மார்ச் 26. திங்கள்

கவர் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு மூலை கூடப் பிரியவில்லை. அலமாரிக்கு மேலே இருக்கும் பெட்டியில், சாலமோன் விட்டுப்போன கோட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கே கொடுத்தால் லேசி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள். ஏப்ரல் 20 கழியட்டும். பெனிட்டா தனியாகப் பாடி, கம்பெனிக்காரி அவள் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளட்டும். பிறகு கவரை எடுத்துக் கொடுத்தால், அம்மா எவ்வளவு முன்யோசனைக்காரி என்று அவளுக்கே புரியும்.

ஏப்ரல் 8. ஈஸ்டர்

பெனிட்டா சர்ச்சுக்கு வரவில்லை. ஞாபகத்திலிருந்து பாட்டுகளைத் திரும்ப எழுதிப் பார்க்கிறாள். குப்பைக்கூடை நிறையக் காகித உருண்டை. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். கதவுப் பாட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறது. லேசி சொன்ன கடைசி வரியின் சொற்கள் சரியாக வரவில்லை.

எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன் என்று நானாகப் போய் எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று வார்டில் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றும்போது நான் பாடிக்கொண்டிருந்தேனாம். நல்ல பாட்டு என்று அந்தக் கிழவர் சொன்னார். என்ன வரி என்று யோசித்துப் பார்த்தால் அது லேசியுடையது. வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் குறித்திருப்பதைச் சரிபார்த்தேன். நான் அடிக்கடி முணுமுணுக்கிற வரிகள் எல்லாமே அந்த ஒன்பதில்தான் இருக்கின்றன. தற்செயலாக இருக்கும்.

ஏப்ரல் 20. வெள்ளி

நான்தான் காரில் கூட்டிப்போனேன். மிஸஸ் கார்வர் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னாள். லேசி எங்கே என்று கேட்டாள். வரவில்லை என்று மட்டும் பெனிட்டா சொன்னாள்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. பிறகு மிஸஸ் கார்வர் கதவுப் பாட்டைக் கேட்டாள். பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கடைசி இடத்துக்கு வந்தாள், நின்றாள். மறுபடி நான்கு வரி பின்னால் போய்ப் பிடித்து வந்தாள், மறுபடி நின்றாள். மிஸஸ் கார்வர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். என் மகளின் கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. வரியைச் சொல்லிவிட்டேன். சொல்லவில்லை, பாடிவிட்டேன், மெட்டோடு.

பெனிட்டா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று நான் குறிக்கவில்லை. பிறகு முன்பக்கம் திரும்பி, அந்த வரியைப் பாடி, பாட்டை முடித்தாள். அந்தக் கடைசி வரியை யார் எழுதியது என்று மிஸஸ் கார்வர் கேட்டாள்.

"லேசி," என்றாள் பெனிட்டா. "அந்தப் பாட்டே லேசி இல்லாம இல்ல."

காரில் வரும்போது நான் ஏசியைக் கூட்டினேன், குறைத்தேன். பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த வரியை நான் யாருக்கும் பாடிக் காட்டல. ரெஸ்டாரண்ட்ல பாடுனப்போகூட அது வேற முடிவு. அந்த ரூமுக்குள்ளயும் நோட்டுலயும் மட்டும்தான் இருந்துச்சு. கதவுக்கு வெளிய நிக்கிறது நீங்கன்னு எங்களுக்குத் தெரியும். உங்க காலு தெரியும்மா. அதுக்குத்தான் லேசி அந்த வரியே எழுதினா."

நான் ஏசியை அணைத்தேன்.

"நோட்டு எங்க?"

வீட்டுக்கு வந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். முத்திரைகளைத் தடவிப் பார்த்தாள். பிரிக்காதே, பிரித்தால் ஆதாரம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நின்றபடியே கிழித்தாள்.

"லேசி வந்தாளான்னு கேட்டேன். வந்தான்னு சொன்னீங்க."

"வந்தாளே மக்களே. ஒன்பதரைக்கு வந்தா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. லேசியைக் கூப்பிட்டாள், அங்கே எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து மிகவும் மெதுவாகப் பேசினாள்.

"நான் சொன்னா இனி அவ நம்பமாட்டா. நீங்க போய்ச் சொல்லுங்க. நீங்கதான் எடுத்தீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு என்னைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் கூப்பிடாதீங்க."

ஏப்ரல் 22. ஞாயிறு

பெனிட்டா கடைத்தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பெட்டி, ஒரு கிடார். வாசலில் நின்று முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அவள் வெறும் கோபத்தோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன், முத்தம் கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மே 5. சனி

விடுமுறை. லேசியிடம் போகவில்லை. மழை.

ஜூன் 9. சனி

போகவில்லை. கார் சர்வீஸ்.

ஆகஸ்ட் 18. சனி

லேசி பாட்டெழுதுவதை விட்டுவிட்டாளாம். பக்கத்து ஊர் பிராங்க்ளினில் ஒரு நாய் குளிப்பாட்டும் கடையில் வேலையாம். சர்ச்சில் ஒரு பெண் சொன்னாள். முகவரி கேட்டு எழுதிக்கொண்டேன். நான் போய்ச் சொன்னால் அவள் வழக்குப் போடுவாள் என்று சூசம்மா சொல்கிறாள். சூசம்மா பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவும் வந்தது.

பிப்ரவரி 16, 2008. சனி

பெனிட்டா பாடிய கதவுப் பாட்டு வெளியாகிவிட்டது. சிடியைக் கடையில் காசு கொடுத்து வாங்கினேன். எழுதியவர்கள் என்று இரண்டு பெயர், லேசியுடையது முதலில்.

ஜூலை 4. வெள்ளி

வார்டு டிவியில் பெனிட்டா. ஒரு மைதானம் நிறைய ஜனம், கடைசி வரியை அவர்களே பாடுகிறார்கள். அவள் மைக்கை நீட்டிக்கொண்டு சும்மா நிற்கிறாள். இளைத்திருக்கிறாள். வார்டில் ஒரு பெண் தன் மகளிடம் இந்தப் பாடகி எந்த ஊர்க்காரி என்று கேட்டாள். இந்தியாவோ என்னவோ என்றாள் மகள். நான் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

செப்டம்பர் 13. சனி

பிராங்க்ளின் வரை போனேன். கடைக்கு எதிரே நாற்பது நிமிடம் காரில் இருந்தேன். லேசி உள்ளே ஒரு நாய்க்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 28. வெள்ளி

நேற்று இங்கே நன்றி தெரிவிக்கும் நாள், குடும்பமாகக் கூடிச் சாப்பிடுவார்கள். நான் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று காலை சாலமோன் போன் செய்தார். இந்த ஏழு வருடத்தில் மூன்றாவது தடவை. பெனிட்டா நேற்று ஹூஸ்டனுக்கு வந்து அவரோடு சாப்பிட்டாளாம். எல்லாவற்றையும் சொன்னாளாம். நான் பதிலுக்குச் சண்டை போடத் தயாராக இருந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை.

"லில்லி, அந்தப் பிள்ளைகிட்ட போய்ச் சொல்லிரு. என்கிட்டத்தான் சொல்லாமலே விட்டுட்ட."

எதைச் சொல்கிறார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் அவர் சட்டைப்பையில் ஒரு நகைக்கடை ரசீது இருந்தது. தோடு. யாருக்கு என்று கேட்டு ஒரு மாதம் அவரை உண்டு இல்லை என்று ஆக்கினேன். அவர் ஹூஸ்டனுக்குப் போன பிறகு, பெனிட்டாவின் பதினான்காம் பிறந்தநாளுக்குத் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. தோடு அதில்தான் இருந்தது. அதைப் பெனிட்டாவின் காதில் நானே மாட்டிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுவரை எழுதவும் இல்லை.

நவம்பர் 29. சனி

பிராங்க்ளின் போனேன். 10:10க்குக் கடைக்குள் நுழைந்தேன். லேசிக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. மிஸ் லில்லி என்றாள், தோசை சாப்பிட்ட நாளில் சொன்ன அதே குரலில். முழங்கை வரை சோப்பு நுரை. மேஜையில் ஒரு ஈரநாய் நின்றுகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நோட்டை எடுத்தது நான். தபாலில் போட்டது நான். நீ வந்தாயா என்று பெனிட்டா கேட்டபோது, வந்தாள் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது நான். மன்னித்துவிடு என்றேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்துக் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் நாயைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நான்தான் எடுத்தேன்னு நினைக்க பெனிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

எனக்கு ஒரு பொய் வாய் வரை வந்தது. ஒரு நாள் முழுக்க யோசித்தாள், தேடினாள், அழுதாள் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நேரமே ஆகல," என்றேன். "அவ என் மக."

லேசி தலையை ஆட்டினாள். குழாயைத் திறந்து நாயின் முதுகில் தண்ணீர் விட ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்தேன்.

காரில் உட்கார்ந்து பெனிட்டாவைக் கூப்பிட்டேன். பத்தொன்பது மாதம் கழித்து. முதல் மணியிலேயே எடுத்தாள். சொல்லிவிட்டேன் என்றேன். லேசி என்ன கேட்டாள் என்று கேட்டாள். கேட்டதையும் சொன்னேன், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.